தாத்தா முதலில் பார்த்த குருவி

மார்ச் பள்ளி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. கணவர் ஜப்பான் என்றார். நான் பாலி என்றேன். பதினொரு வயது மகள், “சைப்ரஸ்” என்றாள். “அந்தத் தீவில் மட்டுமே குஞ்சு பொரிக்கும் பறவைகள் இருக்கும்மா. உலகத்தில் வேறெங்கும் கிடையாது.”

வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலை. வடக்கே துருக்கி, தெற்கே கடலைத் தாண்டினால் எகிப்து. பரப்பளவில் சிங்கப்பூரைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே ஆண்டுக்கு இருமுறை பறந்து செல்லும் கோடிக்கணக்கான பறவைகளுக்கு அது வழியிலிருக்கும் தங்குமிடம். அவளுடைய பிடிவாதத்தில் நியாயம் இருந்தது. துபாயில் விமானம் மாறி லார்னகா செல்லப் பயணச்சீட்டு வாங்கினோம்.

எங்களுடன் வசிக்கும் அப்பாவும் வந்தார். அவருக்கு எழுபத்திரண்டு வயது. எங்கள் புளோக்கில் அவரை எல்லாருக்கும் தெரியும். வாசலில் கூண்டில் ஒரு மெர்போக் புறா வளர்க்கிறார். காலையில் அதைக் கீழே கொண்டுபோய், மற்ற பெரியவர்களின் கூண்டுகளோடு மாட்டிவிட்டு, அது கூவுவதைக் கேட்டுக்கொண்டு காப்பி குடிப்பார்.

மகள் சின்ன வயதில் அந்தப் புறாவோடுதான் விளையாடினாள். பள்ளியில் இயற்கைச் சங்கத்தில் சேர்ந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. “அதை விட்டுடுங்க தாத்தா” என்பாள். “விட்டா செத்துப்போயிடும் கண்ணு” என்பார் அவர். இருவர் சொல்வதும் சரி என்பதால் எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. ஓராண்டாக இருவருக்கும் இடையே அந்தக் கூண்டு தொங்கிக்கொண்டிருந்தது. பயணத்துக்காகப் புறாவை ஒரு நண்பர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் அப்பா விமானம் ஏறினார்.

உப்பு ஏரியில் பூநாரைகள்

லார்னகா உப்பு ஏரி விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே ஃபிளமிங்கோ எனப்படும் பூநாரைகள் தங்கும். நாங்கள் சென்றது மார்ச் நடுப்பகுதி என்பதால் பெரும்பாலானவை கிளம்பிவிட்டிருந்தன. ஆனாலும் தூரத்தில் தண்ணீரின்மேல் இளஞ்சிவப்புக் கோடு இழுத்ததுபோல் ஒரு கூட்டம் நின்றது. உப்புநீரில் வாழும் சிறு இறால்களைத் தின்பதால்தான் அவற்றுக்கு அந்த நிறம். குஞ்சுகள் சாம்பல் நிறத்தில்தான் பிறக்கும் என்று மகள் விளக்கினாள்.

ஏரிக்கரையில் பேரீச்சை மரங்களுக்கு நடுவே ஹாலா சுல்தான் டெக்கே என்ற பழைய பள்ளிவாசல் இருக்கிறது. நபிகள் நாயகத்தின் உறவினர் என்று சொல்லப்படும் உம்மு ஹராம் அம்மையார் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பதாக நம்பிக்கை. வெயில் ஏறும் நேரத்தில் பறவைகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு அந்த நிழலில் உட்காரலாம்.

மறுநாள் காலை, நகருக்குச் சற்று வெளியே உள்ள ஓரொக்லினி ஏரிக்குச் சென்றோம். பறவைகளை மறைந்திருந்து பார்க்க மரக்குடில் ஒன்று கட்டியிருக்கிறார்கள். சிவந்த நீண்ட கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள் நடந்துகொண்டிருந்தன. திடீரென்று கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை கத்திக்கொண்டே எழும்பியது.

“இது நம்ம ஆள்காட்டி மாதிரியில்ல இருக்கு?” என்றார் அப்பா.

மகள் புத்தகத்தைப் புரட்டினாள். இறக்கையில் முள் கொண்ட ஆள்காட்டி இனம் அது. ஜோகூரிலும் சிங்கப்பூரிலும் நாம் பார்க்கும் ஆள்காட்டிக்கு நெருங்கிய உறவு. பார்க்காமலேயே குரலை வைத்துச் சொல்லிவிட்டாரே என்று அவளுக்கு வியப்பு. ஆனால் எதுவும் சொல்லாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

நகரின் பழைய தெருக்களில் தகைவிலான் குருவிகள் மாடங்களுக்கு அடியில் சேற்றால் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நம் ஊரில் ஆண்டு இறுதியில் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அதே குருவி. நம்மிடம் வருபவை வடகிழக்கு ஆசியாவிலிருந்து குளிருக்குத் தப்பி வருகின்றன. இவையோ ஆப்பிரிக்காவிலிருந்து வீடு திரும்பியவை. நாம் விருந்தாளியாக மட்டுமே பார்த்த குருவியை அதன் சொந்த வீட்டில் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

பிசின் தடவிய குச்சி

மூன்றாம் நாள், உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அரை நாளுக்கு அமர்த்திக்கொண்டு தீவின் தென்கிழக்கு முனையான கிரேக்கோ முனைக்குச் சென்றோம். எகிப்துக் கரையிலிருந்து ஏறக்குறைய 380 கிலோமீட்டர் கடலைக் கடந்து வரும் பறவைகள் முதலில் இளைப்பாறும் இடங்களில் அதுவும் ஒன்று. கடற்கரைப் புதரில் ஒரு கொண்டலாத்தி அசையாமல் உட்கார்ந்திருந்தது. “களைத்திருக்கிறது. கிட்டே போகாதீர்கள்” என்றார் வழிகாட்டி.

பிறகு அவர் சொன்னது யாரும் எதிர்பாராதது. அந்தத் தென்கிழக்குப் பகுதியில்தான் பறவை பிடிப்பதும் அதிகமாம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலைகளைக் கட்டி, குருவிகளின் குரலை ஒலிபெருக்கியில் போட்டு வரவழைப்பார்கள். இன்னொரு முறை, பிசின் தடவிய குச்சிகளை மரக்கிளைகளில் செருகிவைப்பது. உட்கார்ந்த குருவி ஒட்டிக்கொள்ளும். விடுபடத் துடிக்கத் துடிக்க இறகெல்லாம் ஒட்டும். முக்கியமாகப் பிடிபடுவது, தலையில் கறுப்புத் தொப்பி வைத்ததுபோல் இருக்கும் பிளாக்கேப் என்ற சின்னஞ்சிறு குருவி. ‘அம்பெலோபூலியா’ என்ற பெயரில் அதை உணவாகப் பரிமாறுவார்கள். வலையும் பிசின் குச்சியும் 1974 முதல் சட்டவிரோதம். பேர்ட்லைஃப் சைப்ரஸ் அமைப்பு 2002 முதல் கண்காணித்து வருகிறது. வலைகள் அப்போது இருந்ததைவிடப் பெருமளவு குறைந்திருக்கின்றன. ஆனால் இன்னும் நிற்கவில்லை.

பிசின் எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு மரத்தின் பழத்தைக் காய்ச்சி எடுப்பதாகச் சொல்லிப் படம் காட்டினார். கைப்பேசியில் தேடினால் தமிழில் நறுவிலி என்று வந்தது.

அப்பா படத்தை எட்டிப் பார்த்தார். “எங்கம்மா இதை மூக்குச்சளிப்பழம்னு சொல்வாங்க. அவங்க ஊர்ல காத்தாடி ஒட்ட இதுதானாம் பசை.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “எங்களுக்குத் தோட்டத்துல பலாப்பால்” என்றார்.

“எதுக்கு தாத்தா?” என்றாள் மகள்.

“குருவி பிடிக்கத்தான்.”

குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். பலாப்பாலைக் காய்ச்சி, மூங்கில் குச்சியில் சுற்றி, செர்ரி மரத்தில் செருகி வைப்பார்களாம். மைனா, புறா, கொண்டைக்குருவி என்று எது ஒட்டினாலும் விடமாட்டார்களாம். நான் இதுவரை கேட்டிராத கதை இது.

“பிடிச்சு என்ன பண்ணுவீங்க?”

“திம்போம். வீட்டுல ஒன்பது பேரு. கறிங்கிறது எப்பவாவதுதான். நல்லாப் பாடுற குருவின்னா எண்ணெய் தடவிப் பிசினை எடுத்துட்டு கூண்டுல போட்டுடுவோம்.”

வழிகாட்டி என்னவென்று கேட்க, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “இங்கேயும் அப்படித்தான் தொடங்கியது. ஏழைகளுக்கு அது மட்டுமே இறைச்சியாக இருந்த காலம் உண்டு. இப்போது பசிக்காக யாரும் பிடிப்பதில்லை, பணத்துக்காகப் பிடிக்கிறார்கள்” என்றார்.

மகள் எதுவும் பேசாமல் முன்னால் நடந்துபோய்விட்டாள். அன்று இரவு உணவின்போதும் தாத்தாவின் பக்கத்து நாற்காலியில் அவள் உட்காரவில்லை.

மஞ்சள் பூக்களுக்கு நடுவே

நான்காம் நாள் காரை எடுத்துக்கொண்டு மேற்குக் கரைக்குச் சென்றோம். போலிஸ் என்ற சிறு ஊரில் தங்கி, அக்காமாஸ் தீபகற்பத்தில் நடப்பது திட்டம். வழியெங்கும் மஞ்சள் பூக்கள். ஸ்டீம்போட்டில் நாம் போடும் ‘தாங் ஓ’ கீரை பூத்தால் இதுதான் என்று தெரிந்தபோது கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்தப் பூக்களில்தான் வண்ணத்துப்பூச்சிகள். சிங்கப்பூரில் முந்நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சைப்ரசில் அவ்வளவு இல்லை. ஆனால் வசந்தத்தில் அவை மொத்தமாகக் கண்ணில் படுகின்றன. எலுமிச்சை மஞ்சளில் ஆரஞ்சு பூசிய கிளியோபாட்ரா. காட்டுப் பெருஞ்சீரகச் செடியைச் சுற்றும் சுவாலோடெயில். நம் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியைக் காலிசெய்யும் புழுவின் சொந்தக்காரி. பாஃபோஸ் புளூ என்ற நீலக் குட்டி இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. வெளிர்மஞ்சள் இறக்கையில் கறுப்பு வளைகோடுகளும் சிவப்புப் புள்ளிகளும் கொண்ட ஃபெஸ்டூனின் புழு, ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடியை மட்டுமே தின்னும். மலேசியாவின் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிக்கும் அதே இனத்துக் கொடிதான் உணவு. செடியின் நச்சு உடம்பில் ஏறுவதால் பறவைகள் இவற்றைத் தொடுவதில்லை.

மகளை அதிகம் நிறுத்தி வைத்தது பெயின்டட் லேடி என்ற ஆரஞ்சு நிறப் பூச்சி. ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்தியக் கிழக்கிலிருந்தும் கடல் கடந்து வடக்கே போகிறது. போகிற வழியில் முட்டையிட்டு இறந்துவிடும். அடுத்த தலைமுறை பயணத்தைத் தொடரும். இலையுதிர்காலத்தில் தெற்கே திரும்புவது, கிளம்பியவற்றின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள். “யாரும் வழி சொல்லிக்கொடுக்காமலே போகுதுப்பா” என்றாள் தன் அப்பாவிடம். தாத்தா பின்னால் தனியாக வந்துகொண்டிருந்தார்.

சைப்ரஸ் வீட்டியர் என்ற பறவையைத் தேடித்தான் அவள் இத்தனை தூரம் வந்திருந்தாள். எத்தியோப்பியா, சூடான் பக்கம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, மார்ச்சில் இந்தத் தீவுக்கு மட்டும் வந்து கூடு கட்டும் சிறிய கறுப்பு வெள்ளைக் குருவி. இரண்டு நாள் நடந்தும் கண்ணில் படவில்லை. இரண்டாம் நாள் மதியம் அவள் முகம் வாடிவிட்டது.

அப்போது அப்பா கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார்.

“கேக்குதா? சில்வண்டு மாதிரி.”

எங்களுக்குக் காற்றைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

“சில்வண்டு இல்ல. விட்டு விட்டு வருது. அந்தப் பாறைக்குப் பின்னால. கிட்டப் போகாதே கண்ணு, உட்காரு. இந்த மாதிரி கத்துறது தன் இடத்தை விட்டுப் போகாது. உசரமா உக்கார இடம் தேடும். அந்தக் காஞ்ச கொம்புக்கு வரும் பாரு.”

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு போய்த் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபது நிமிடம் இருக்கும். அவர் காட்டிய அதே காய்ந்த கொம்பின் நுனியில் கறுப்பு முகமும் வெள்ளை உச்சந்தலையுமாக ஒரு குருவி வந்து உட்கார்ந்து, வண்டு ரீங்கரிப்பதுபோல் பாடியது.

அது பறந்த பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: “அங்கதான் வரும்னு எப்படித் தெரியும் தாத்தா?”

“பிடிச்சுப் பழகினவனுக்கு அது தெரியாமப் போகுமா?” என்றார். பெருமையாகச் சொல்லவில்லை.

அன்று இரவு அவள் குறிப்பேட்டைப் பார்த்தேன். பறவையின் பெயர், இடம், நேரம் எல்லாம் எழுதி, கடைசி வரியில், ‘முதலில் பார்த்தவர்: தாத்தா’ என்று இருந்தது.

செல்ல விரும்புவோருக்கு

மார்ச்சும் ஏப்ரலும் சிறந்த மாதங்கள். பூநாரை பார்க்க வேண்டுமானால் குளிர்காலத்தில் செல்லுங்கள். கோடையில் உப்பு ஏரி வறண்டுவிடும். 1960 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தீவு என்பதால் கார்கள் நம் ஊர்போல் இடப்பக்கம்தான் ஓடுகின்றன; மின்செருகியும் நம்முடைய மூன்று முனைச் செருகிதான். மார்ச்சில் காலையும் மாலையும் குளிரும் என்பதால் மேலங்கி தேவை. கிறிஸ்தவர்களின் தவக்காலம் பெரும்பாலும் அந்தச் சமயத்தில் வருவதால் சைவ உணவுக்குக் கவலையில்லை. தட்டைப்பயறை வேகவைத்து எலுமிச்சையும் ஒலிவ எண்ணெயும் விட்டுத் தருகிறார்கள். அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

பறவைக் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள். வண்ணத்துப்பூச்சியைக் கையில் பிடிக்காதீர்கள். உணவகத்தில் யாராவது ரகசியமாக அம்பெலோபூலியா வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மீண்டும் புளோக்கில்

திரும்பி வந்ததும் அப்பா நேராகப் போய்த் தம் மெர்போக்கை வாங்கி வந்தார். கூண்டைத் துடைத்தார், தண்ணீர் வைத்தார். மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கு வயசாயிடுச்சு கண்ணு. வெளியே விட்டா ரெண்டு நாள் தாங்காது. இருக்கிறவரைக்கும் நான் பாத்துக்கிறேன். இதுக்கப்புறம் வேற வாங்கமாட்டேன்” என்றார்.

அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, அதற்குத் தீனியை அவளே போட்டாள்.

இப்போது சனிக்கிழமை காலையில் இருவரும் சுங்கை பூலோவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தொலைநோக்கி அவளிடம். மடக்கு நாற்காலியும் ஒரு குடுவைக் காப்பியும் அவரிடம். போன வாரம் திரும்பி வந்ததும் என்னிடம் புகார் சொன்னாள்: “தாத்தா தொலைநோக்கியே இல்லாம எனக்கு முன்னால நாலு பார்த்துட்டார்ம்மா.”