ஸ்பீடு கன் சொல்லாத கணக்கு

நேரா எறிஞ்சா போதும், வேகமா எறிஞ்சா லட்சம் டாலர். 2008-ல 'மில்லியன் டாலர் ஆர்ம்'னு அமெரிக்கக்காரங்க இந்தியாவுல நடத்துன போட்டி இதுதான். ஸ்பீடு கன்னைத் தூக்கிட்டு ஊர் ஊரா வந்து ஆயிரக்கணக்கான பசங்களை எறிய வச்சாங்க. உத்தரப்பிரதேசத்து ரிங்கு சிங் ஜெயிச்சார். வேகம் 87 மைல், அதாவது சுமார் 140 கி.மீ. கூடவே தினேஷ் படேலும் தேறினார். ரெண்டு பேரும் ஈட்டி எறியுறவங்க. பேஸ்பால் ஆடினதே இல்ல. அதே நவம்பர்ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ரெண்டு பேரையும் எடுத்துச்சு.

2014-ல வந்த படம் (இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்) அங்கேயே சுபம் போட்டுடும். நிஜத்துல தினேஷை 2010-லயே அனுப்பிட்டாங்க. ரிங்கு கீழ்மட்ட லீக்ல சில வருஷம் நல்லாவே போராடினார். அப்புறம் காயம் மேல காயம். மேஜர் லீக்கைத் தொடவே இல்ல. 2018-ல மல்யுத்தத்துக்குப் போயிட்டார்.

ஏன்னா வேகம் பாதிக் கணக்குதான். பேஸ்பால்ல பந்து குத்தி எழும்பாது. பிட்சர் நிக்கிற இடத்துலேருந்து பேட்டருக்கு 60 அடி 6 அங்குலம். வெறும் வேகத்தைச் சின்ன வயசுலேருந்து பார்த்துப் பழகினவன் அடிச்சுருவான். அதே கை அசைவுல சடார்னு கீழ இறங்குற பந்தும் வேணும். அதுவும் சில நாளைக்கு ஒரு தடவை, மாசக்கணக்கா. அதுக்குக் கை தாங்கணும்.

இந்தக் கை தாங்குற விஷயத்துலதான் ஜப்பான்காரர் ரோக்கி சசாகி ஞாபகம் வர்றார். பள்ளிக்கூடத்துலயே 163 கி.மீ. 2019-ல மாநில அளவு ஃபைனல்; ஜெயிச்சா கோஷியென், அந்த ஊர் பசங்களோட கனவு. கோச் அவரை இறக்கவே இல்ல. கை கெட்டுடும்னு பயம். டீம் தோத்துச்சு, கோச்சுக்குத் திட்டு மழை. மூணே வருஷத்துல, 2022 ஏப்ரல் 10-ல, எதிரணியில ஒருத்தரைக்கூட பேஸ் ஏற விடாம 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்ணினார் சசாகி. அப்படிப்பட்டவருக்கே, 2025-ல டாட்ஜர்ஸுக்குப் போய் 8 மேட்ச் ஆரம்பிச்சதும் தோள் மக்கர் பண்ணுச்சு. சில மாசம் ரெஸ்ட், அப்புறம்தான் திரும்ப வந்தார்.

சிம்மக்கல்ல எங்க டீம் பையன் ஒருத்தனுக்கு அதைவிடச் சின்ன வயசுலயே தோள் போச்சு. ஒரே ஞாயித்துக்கிழமையில மூணு டென்னிஸ் பால் மேட்ச், மூணுலயும் முதல் ஓவர் அவனுக்குத்தான். கப்பு வந்துச்சு. 'இன்னைக்கு நீ போட வேணாம்டா, தோத்தா தோத்துட்டுப் போறோம்'னு சொல்ல ஒரு ஆள் இல்ல. ஒருத்தன் மேல வருவானான்னு பார்க்க வர்றவங்க கன்னை அப்புறம் எடுக்கட்டும். முதல்ல அந்த ஆள் இருக்காரான்னு விசாரிக்கட்டும்.