சிரிக்கும் மலர்களும் ஐந்நூறு அடியார்களும்

பொழுதுபோக்குச் சித்திரத்தால் பெருந்துயர் ஒன்றைத் தாங்கிப் பேச இயலுமா? ஜப்பானிய ஓவியர் தகாஷி முரகாமியின் படைப்புகளை நோக்குந்தோறும் நம் உள்ளத்தில் எழும் வினா இது.

1962-இல் டோக்கியோவில் பிறந்த முரகாமி, 'நிஹோங்கா' எனும் மரபோவியத்தை முறையாகப் பயின்று, 1993-இல் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கனிமப் பொடியைப் பசையிற் குழைத்துத் தாளிலும் பட்டிலும் தீட்டும் நுட்பம் கற்ற அவரே, சிரிக்கும் மலர்களையும் கார்ட்டூன் உருவங்களையும் தம் மொழியாக்கிக் கொண்டார். காரணம் யாது?

2000-இல் அவர் முன்வைத்த 'சூப்பர்ஃப்ளாட்' கொள்கை விடை கூறுகின்றது. பழைய எடோ கால ஓவியங்களிலும் இன்றைய மங்கா, அனிமே ஆகியவற்றிலும் காட்சி ஆழமின்றித் தட்டையாகவே விரிகின்றது. இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள் என்பது அவர் துணிபு. நுண்கலையைக் குறிக்கும் 'பிஜுட்சு' என்னும் ஜப்பானியச் சொல்லே 1873-ஆம் ஆண்டு வியன்னா உலகப் பொருட்காட்சியை ஒட்டி உருவாக்கப்பட்டது. ஆகவே, உயர்கலைக்கும் மக்கள் கலைக்கும் இடையே அந்நாட்டில் எழுந்த வேலி அத்துணைப் பழையதன்று எனலாம்.

எனினும் நமக்கு ஐயம் நீங்கவில்லை. 2003-இல் லூயி வுய்த்தோன் நிறுவனத்தின் கைப்பைகளை அவர்தம் வண்ணங்கள் அணிசெய்தன. 2007-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழ்ந்த அவரது கண்காட்சியின் உள்ளேயே அந்நிறுவனக் கடையும் அமைந்தது. சந்தையில் விலைபோகும் மலருக்கு உள்ளீடு உண்டா?

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வடகிழக்கு ஜப்பானைச் சூறையாடின. அதன்பின் அவர் தீட்டியது 'ஐந்நூறு அருகதர்கள்'. 100 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட அப்பேரோவியத்தில் பௌத்த அடியார்கள் சித்திரக்கதை மாந்தரின் சாயலில், முதிர்ந்து சுருங்கிய முகங்களோடு அணிவகுக்கின்றனர். 1855-இல் எடோ நகரை நிலநடுக்கம் உலுக்கிய காலத்தில் வாழ்ந்த கானோ கசுனோபு, இதே பொருளை 100 ஓவியச் சுருள்களில் தீட்டியவர். அவ்வழியையே முரகாமி தொடர்ந்தார்.

அவ்வோவியம் முதன்முதலாகக் காட்சிக்கு வந்த இடம் டோக்கியோ அன்று. கத்தார் நாட்டின் தோஹா. பேரிடர் நேர்ந்ததும் விரைந்து உதவிய நாடுகளுள் ஒன்றான கத்தாருக்கு நன்றிக் கடனாக, 2012-இல் அங்கே அது வைக்கப்பெற்றது. டோக்கியோ மக்கள் அதனை 2015-இல்தான் கண்டனர். பௌத்த அடியார்களின் ஓவியத்தை ஓர் இசுலாமிய நாடு வரவேற்றது. மனிதர்க்கு நன்றி பாராட்டுதலை இறைவனுக்குச் செலுத்தும் நன்றியோடு இணைத்துக் காணும் மார்க்கத்தினராகிய நமக்கு இந்நிகழ்வின் பொருள் எளிதில் விளங்கும்.

இனி, மாணவர் ஒருவர் ஏட்டின் ஓரத்தில் சிரிக்கும் பூவொன்றை வரைந்திருக்கக் கண்டால், அதனை விளையாட்டென்று ஒதுக்காது ஒரு கணம் நின்று நோக்குவோம்.