விரையாத தீவு

மத்திய தரைக்கடலில் சிசிலிக்குத் தெற்கே அமைந்த மால்ட்டா நாட்டின் இரண்டாவது பெரிய தீவு கோசோ. பரப்பளவு ஏறத்தாழ 67 சதுர கிலோமீட்டரே. மால்ட்டாவின் வடமுனையில் புறப்படும் படகுக்கப்பல் ஏறக்குறைய 25 நிமிடங்களில் இம்ஜார் துறைமுகத்தை அடைந்துவிடுகிறது. காலையில் வந்து மாலையில் திரும்புவோர் பலர். சில நாள் தங்குவோர்க்கே அத்தீவின் பொழுது பிடிபடும்.

முதல்நாள் கை ஏதேனும் வேலையைத் தேடும். கண் கடிகாரத்தை நாடும். நண்பகலில் கடைகள் அடைபடுகின்றன. தேன்நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகளின் நிழலில் முதியோர் அமர்ந்து உரையாடுகின்றனர். அவர்கள் பேசும் மால்ட்டீசு மொழி அரபு மொழிக்கு உறவானது. எழுதப்படுவதோ உரோமானிய எழுத்தில். ஹோமரின் காவியத்தில் ஒடிசியசு ஏழாண்டுகள் தங்கிய கலிப்சோவின் தீவு இதுவே என்பது உள்ளூர் மரபு. ஏழாண்டுகள் சற்று மிகுதிதான்!

ஷாரா என்னும் ஊரில் ஜகன்டியா கற்கோயில்கள் நிற்கின்றன. எகிப்தியப் பிரமிடுகளுக்கும் மூத்தவை அவை. அரக்கி ஒருத்தி கற்களைச் சுமந்து வந்து கட்டியதாகக் கதை வழங்குகிறது. ஆயினும் தங்கியிருப்போரை நெடுநேரம் நிறுத்திவைப்பவை வடகரையின் உப்புப் பாத்திகளே. கரைப்பாறையையே குடைந்து அமைத்த ஆழமற்ற கட்டங்கள் அவை. கடல்நீர் அவற்றில் தேங்குகிறது. கோடை வெயில் நீரை உண்கிறது. எஞ்சிய வெண்பரல்களைச் சில குடும்பத்தினர் துடைப்பத்தால் கூட்டி அள்ளுகின்றனர். வெயிலை எவரும் விரைவுபடுத்த இயலாது. பார்த்திருப்பவரும் மெல்ல மெல்ல அந்தக் கணக்குக்குப் பழகிவிடுகிறார்.

அமைதியான இத்தீவிலும் மாற்றம் ஓயவில்லை. மேற்குக் கரையில் ‘நீலச் சாளரம்’ எனப் பெயர்பெற்றிருந்த மாபெரும் பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலலையில் இடிந்து கடலுள் மறைந்தது. இரு தீவுகளையும் கடலடிச் சுரங்கப்பாதையால் இணைக்கும் திட்டமும் நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. பாதை வந்தால் ஊர்திகள் பெருகும், அமைதி குலையும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், வேலைக்கும் கல்விக்கும் நாள்தோறும் கடலைக் கடக்கும் தீவினரிடம் கேட்டால் கணக்கு மாறுகிறது. கடுங்காற்று வீசும் நாளில் படகு நின்றுவிடுகிறது. விடுமுறைக்கு வந்தவருக்கு அது கூடுதலாகக் கிடைத்த ஒரு பகல். தேர்வெழுதப் புறப்பட்டுத் துறைமுகத்தில் காத்திருக்கும் மாணவருக்கு அப்படியன்று.