காலி செய்த ரூமில் யார்?

திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியவர்களுக்கு சி மொழியின் மெமரி விவகாரம் சுலபமாகப் புரியும். ரூம் எடுப்பது 'மாலக்'. சாவியை ஒப்படைப்பது 'ஃப்ரீ'. ஒப்படைக்காமல் ஊருக்கு பஸ் ஏறினால் 'லீக்'. ஒப்படைத்த பிறகும் டூப்ளிகேட் சாவி போட்டு ராத்திரியில் திறந்தால்? பல நாள் காலியாகத்தான் இருக்கும். ஒரு நாள் யாரோ லுங்கியுடன் உட்கார்ந்திருப்பார். ப்ரோக்ராம் அன்றைக்குத்தான் விழும்.

ஆபீஸில் நான் மாரடிப்பது இதோடுதான். யார் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த ஓப்பன் சோர்ஸ் கோடை எடுத்துப் புது கம்பைலரில் போட்டுப் பார்ப்பேன். ஆப்டிமைசேஷன் இல்லாவிட்டால் சமர்த்தாக ஓடும். 'ஓ2' போட்டால் விழும். கம்பைலர் மேல் பழிபோடக் கை துறுதுறுக்கும். பெரும்பாலும் அது நிரபராதி.

போன மாதம் 'வால்கிரின்ட்' ஒரு வரியைக் காட்டி முறைத்தது. எதுவும் எழுதி வைக்காத மெமரியைப் படிக்கிறாயாம்! மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"அந்த வரியைத் தூக்கிடுங்களேன், சத்தம் நின்னுடும்ல? வெள்ளிக்கிழமை டெலிவரி."

"டெபியன் கதை தெரியுமா சார்?"

"சுருக்கமா சொல்லுங்க."

சொன்னேன். நெட்டில் பூட்டுப் போடும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இதே புகார். 2006-ல் டெபியன் லினக்ஸில் அதைப் பராமரித்தவர், நல்ல எண்ணத்தில்தான், இரண்டு வரிகளை எடுத்தார். புகார் நின்றது. ஒரு வரி போனதில் பாதகமில்லை. மற்றது, சாவி செய்ய யாரும் ஊகிக்க முடியாத எண்களைக் கலக்கிக் கொடுத்த வரி! மிஞ்சியது ப்ராசஸ் நம்பர் மட்டும். அது 32,768-ஐத் தாண்டாது. ஒரு ரகப் பூட்டுக்கு மொத்தமே அத்தனை சாவிதான். திருடன் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து கோணிப்பையில் போட்டுக் கொள்ளலாம். லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, 2008 மே மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. கோடைத் திருத்தினால் மட்டும் போதவில்லை. அதற்குள் செய்த சாவிகளையெல்லாம் எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி... திங்கட்கிழமை. அதுக்கு மேல கேட்காதீங்க."

ஞாயிறு மதியம் அகப்பட்டது. வால்கிரின்ட் காட்டிய வரி அப்பாவி. வேறொரு ஃபைலில், எரர் வந்தால் பாதியில் திரும்பும் வழியில், ஒரு ஃபீல்டுக்கு மதிப்பே வைக்கவில்லை. திருத்தம் ஒரே வரி. ஏன் என்று விளக்க இரண்டு பக்கம். மூலக் கோடைப் பராமரிப்பவருக்கு அனுப்பினேன்.

பதில் வந்திருக்கிறது: "நன்றி. டெஸ்ட் எங்கே?"