சத்தம் எப்போது மாறுகிறது?

ஊளைச் சத்தம் என்று ஒரு வண்டி பட்டறைக்குள் வந்தால் நான் உடனே பானட்டைத் திறப்பதில்லை. ஓட்டி வந்தவரிடம் கேட்பேன்: நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தாலே சத்தம் ஏறுகிறதா, ஓடும்போதுதான் வருகிறதா? ஓடினால்தான் வருகிறது என்றால் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், வீல் பேரிங் பக்கம் போக வேண்டும். நிற்கும்போதே என்ஜினோடு சேர்ந்து ஏறி இறங்கினால் பெரும்பாலும் பெல்ட் சுற்றுகிற சாமான்களில் ஒன்று. நியூட்ரலில் கிளட்சை மிதித்ததும் நின்றுபோகிறதா, கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். இப்படிக் கேட்டுக்கொண்டே நிற்பது வேலை என்று யாருக்கும் தோன்றாது. ஸ்பானரை எடுத்தால்தான் மெக்கானிக்!

அடுத்தது லோடு கொடுத்துப் பார்ப்பது. ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டதும் சத்தம் கூடினால் ஆல்டர்னேட்டர். ஸ்டீயரிங்கை ஒடித்தால் முனகுகிறது என்றால் ஹைட்ராலிக் பம்ப். அதிலும் பம்பைக் கழற்றும் முன் டப்பாவைத் திறந்து ஆயிலைப் பார்க்க வேண்டும். நுரை கட்டியிருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. ஹோஸ் கிளிப்பை இறுக்கினாலே சரியாகிவிடலாம்.

ஒரு பழைய டீசல் வேன். "ஆல்டர்னேட்டர்தான் அண்ணே, வேற இடத்துல சொல்லிட்டாங்க. விலைகூட விசாரிச்சுட்டேன்" என்றார் டிரைவர். சார்ஜிங் 14 வோல்ட், குறையில்லை. லைட்டைப் போட்டாலும் சத்தத்தில் மாற்றமில்லை. நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டர் பாடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தேன். அங்கே கேட்டது, பக்கத்து ஐட்லர் புல்லியின் போல்ட்டிலும் கேட்டது. இரும்பு சத்தத்தைக் கடத்திக்கொண்டே போகும், காதை மட்டும் நம்ப முடியாது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். சத்தமே இல்லை. வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் அரை நிமிடத்தில் அணைத்துவிட்டேன். பிறகு புல்லிகளை ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றினேன். ஆல்டர்னேட்டர் அலுங்காமல் சுற்றியது. ஐட்லரைச் சுண்டிவிட்டால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"நல்லாத்தானே சுத்துது அண்ணே?"

கோளாறே அதுதான். கிரீஸ் உள்ள பேரிங் சுண்டினால் கொஞ்சம் சுற்றிக் கனமாக நிற்கும். இது காய்ந்துபோன சக்கரம். காதருகே கொண்டுபோனால் மணல் உரசுவதுபோல் 'சர்ர்'. சீல் விளிம்பில் துருநிறப் பொடி. பேரிங் நம்பர் 6203, உள்துளை 17 மி.மீ., எந்தக் கடையிலும் கிடைப்பது. இரும்புப் புல்லியாக இருந்ததால் பேரிங்கை மட்டும் தட்டி மாற்றினேன். பிளாஸ்டிக் என்றால் முழுசாக மாற்றுவதுதான் உத்தமம்.

பெல்ட்டின் உள்வரிகளும் பளபளவென்று தேய்ந்திருந்தன. அதையும் மாற்றச் சொன்னேன். "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம் அண்ணே" என்றார். மழை பெய்கிற காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சிடும், அதற்காக மறுபடி ஆல்டர்னேட்டருக்கு விலை கேட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.