மூலம் ஒன்று, படிகள் பல

எம்.எஸ். அம்மா பாடிய சுப்ரபாதம் ஒலிக்காத இல்லம் நம் அன்பர்களிடையே அரிது. 1963-இல் இசைத்தட்டாக வெளிவந்த அப்பதிவு, பின்னர் ஒலிநாடாவாயிற்று; குறுந்தகடாயிற்று; இன்று கைப்பேசியில் ஒலிக்கிறது. காலந்தோறும் கலம் மாறுகிறது. ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது உள்ளிருப்பது சிந்திவிடாமல் காப்பது எவ்வாறு? இல்லத்தில் இசையைச் சேர்த்து வைத்திருப்போர் அனைவரும் இன்று எதிர்கொள்ளும் வினா இது.

என் தந்தையார் மறைந்தபின் அவர் சேர்த்த குறுந்தகடுகள் என் பொறுப்பில் வந்தன. எண்ணினால் 240. தேவாரப் பண்ணிசை, திருப்புகழ், நாதஸ்வரம், கச்சேரிகள் எனப் பலவகை. அவற்றுள் எந்தக் கடையிலும் கிட்டாதது ஒன்று உண்டு. மார்கழி பஜனையில் தந்தையார் பாடியதை அன்பர் ஒருவர் பதிவு செய்து, கணினியில் எழுதித் தந்த தகடு அது. இவ்வாறு எழுதப்படும் தகடுகளில் ஒலியைத் தாங்குவது மெல்லிய சாயப் படலமே. வெயிலும் வெப்பமும் பட்டால் அது மங்கிவிடும். அத்தகட்டின் விளிம்பு வெளிறத் தொடங்கியிருந்தது. இனியும் தாமதித்தல் தகாது என்று, அனைத்தையும் கணினியில் படியெடுக்க முற்பட்டேன்.

எந்த வடிவில் படியெடுப்பது? “எம்.பி.3 போதும் அண்ணா; எந்தக் கருவியிலும் பாடும், இடமும் குறைவு” என்றான் தம்பி. அவன் கூற்றில் உண்மை இருந்தது. குறுந்தகட்டில் ஒவ்வொரு நொடியும் 44,100 முறை ஒலி அளக்கப்பட்டுப் பதிவாகிறது. ஒரு மணி நேர இசை ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். அதுவே 128 கிலோபிட் எம்.பி.3 ஆனால் 58 மெகாபைட்டில் அடங்கிவிடும்.

இச்சுருக்கம் எவ்வாறு நிகழ்கிறது? தவில் ஓங்கி ஒலிக்கும்போது அருகில் எழும் மெல்லிய ஒலி நம் செவிக்கு எட்டுவதில்லை. செவி தவறவிடக் கூடியவற்றைக் கணித்து நீக்கிவிடுவதே எம்.பி.3 வடிவின் நுட்பம். போதிய அளவில் சுருக்கினால் பெரும்பாலோர்க்கு வேறுபாடு புலப்படாது. அளவு மிகக் குறைந்தால் ஜால்ராவின் கணீரொலி நீருக்குள் ஒலிப்பதுபோல் குழையும். தம்புராவின் கார்வை மங்கும். மேலும், அக்கோப்பின் முதலிலும் முடிவிலும் சிறு மௌனம் சேர்வதுண்டு. ராகம், தானம், பல்லவி மூன்றும் தகட்டில் தனித்தனிப் பகுதிகளாக இருப்பின், இடையறாது ஓட வேண்டிய நாதம் சில கருவிகளில் அந்த இடங்களில் ஒரு கணம் அறுபடும்.

ஃபிளாக் என்ற வடிவம் வேறு வழியில் செல்கிறது. முந்தைய அளவுகளைக் கொண்டு அடுத்த அளவைக் கணிக்கிறது. கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதி வைக்கிறது. எதையும் நீக்குவதில்லை. பட்டு வேட்டியை மடித்து வைப்பது போன்றது இது. விரித்தால் ஓர் இழையும் குறைந்திராது. பெரும்பாலும் மூலத்தின் பாதியளவோ, சற்றே கூடுதலோ இடம் பிடிக்கும். 2001-இல் முழு வடிவம் பெற்ற இது, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்கது. பாடலின் பெயர், ராகம், தாளம், இயற்றியவர் ஆகியவற்றைத் தமிழிலேயே கோப்பினுள் எழுதி வைக்கலாம்.

என் மனத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது வேறொன்று. ஃபிளாக்கிலிருந்து எம்.பி.3 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எம்.பி.3 வடிவிலிருந்து இழந்ததை மீட்க ஒரு வழியும் இல்லை. அதனையே பின்னர் வேறொரு சுருக்க வடிவுக்கு மாற்றினால் இழப்பின்மேல் இழப்பு சேரும். தில்லையில் புற்று மூடிய ஏடுகளுள் செல்லரித்தவை போக எஞ்சிய பதிகங்களே நமக்குக் கிட்டின என்பது மரபு. அழிந்தவற்றை மாமன்னன் இராசராசனாலும் மீட்க இயலவில்லையே!

“பெரும்பாலான ஆலயங்களில் மூலவர் கருவறையில் நிலைத்திருக்கிறார், உற்சவர் வீதிக்கு எழுந்தருள்கிறார். நாமும் ஃபிளாக்கை மூலமாக வைத்துக்கொள்வோம். அன்றாடம் கேட்க எம்.பி.3 படி எடுப்போம்” என்றேன். தம்பி சிரித்துக்கொண்டே இசைந்தான்.

மாலை வேளைகளில் நாளொன்றுக்கு ஆறு தகடுகள் வீதம் பணி நடந்தது. பஜனைத் தகட்டின் கடைசிப் பாடல் மட்டும் என் கணினியில் படிக்கப்படாமல் நின்றது. ஒரு கருவி படிக்காத தகட்டை மற்றொன்று படிப்பதுண்டு. தம்பி தன் பழைய மடிக்கணினியைக் கொண்டு வந்தான். அதில் மெதுவான வேகத்தில் வைத்தபோது முழுப் பாடலும் வந்தது. பாட்டின் முடிவில் தந்தையார் கனைத்துக்கொள்வதும், எவரோ ஒரு குழந்தை “இன்னொண்ணு பாடுங்கோ மாமா” என்பதும்கூடக் கேட்டன.

இப்போது மூலக்கோப்புகள் இரண்டு வன்தட்டுகளில் உள்ளன. ஒன்று என் இல்லத்தில், மற்றொன்று தம்பி இல்லத்தில். ஃபிளாக் கோப்பினுள் மூல ஒலிக்குரிய சரிபார்ப்பு எண் இருப்பதால், பழுது நேர்ந்துள்ளதா என்று ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்ள இயலும். தாயார் தம் கைப்பேசியில் எம்.பி.3 படியைக் கேட்டு மகிழ்கிறார். அவர்க்கு வடிவம் எதுவென்ற கவலை இல்லை, இருக்கவும் வேண்டா.

அன்பர்கள் இல்லத்திலும் பாட்டியார் சொன்ன ஸ்லோகமோ, தாத்தா பாடிய பதிகமோ ஒரு தகட்டில் உறங்கிக்கொண்டிருக்கலாம். கடையில் கிடைக்கும் இசை காத்திருக்கும், அது காத்திராது. முதலில் அதனை எடுங்கள். ஒன்றும் குறையாத வடிவில் எடுங்கள்.