தளர்நடை தந்த பாடம்

குழந்தை தவழ்வது அழகு. தளர்நடை பயில்வது அதனினும் அழகு. அவ்வழகைத் தமிழர் கண்டு மகிழ்ந்ததோடு நில்லாமல் இலக்கியத்திலும் போற்றினர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஆறாவது, வருகைப் பருவம். தன் கால்களால் நடந்து வருமாறு குழந்தையை அழைப்பதே அப்பருவத்தின் பொருள். அங்குக் குழந்தையை எவரும் தூக்கி வருவதில்லை. எதிரே நின்று அழைக்கின்றனர்.

இவ்வுண்மையை எங்கள் இளைய மகளிடம் நாங்கள் கற்றோம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் வளரும் அவள், 14 மாதம் நிறைந்தும் தனித்து நடக்கவில்லை. நாற்காலியைப் பற்றி நிற்பாள், சுவரோரமாக நகர்வாள், கையை விட்டால் உடனே அமர்ந்துவிடுவாள். "மூத்தவன் பதினோராம் மாதமே நடந்தானே!" என்றனர் உறவினர். சக்கரம் பொருத்திய வாக்கர் வாங்குமாறு அண்டை வீட்டார் வற்புறுத்தினர். எங்கள் உள்ளம் கலங்கியது.

தடுப்பூசி போடச் சென்ற நாளில் எங்கள் கவலையைத் தாதியிடம் கூறினோம். அவர் குழந்தையை நிற்க வைத்துப் பார்த்து, அஞ்ச வேண்டாம் என்றார். உலகச் சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, குழந்தைகள் தனித்து நடக்கத் தொடங்கும் காலம் ஏறத்தாழ 8 மாதம் முதல் 18 மாதம் வரை நீள்கிறது. 18 மாதம் கடந்தும் நடவாவிடில் மருத்துவரை நாட வேண்டும். வாக்கரோ வேண்டவே வேண்டாம் என்றார் அவர். அதனுள் அமரும் குழந்தை நுனிக்காலால் உந்துமேயன்றி, உடலைச் சமநிலையில் நிறுத்தக் கற்பதில்லை. ஒரே விநாடியில் 3 அடிக்கு மேல் உருண்டு, படிக்கட்டில் விழவும் கூடும். கனடா நாடு 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

இதனைக் கேட்ட பாட்டியார், கிள்ளானிலுள்ள தம் வீட்டிலிருந்து பழைய மர நடைவண்டியைக் கொண்டு வந்தார். சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலையே குறிப்பிடுகிறது. நடைவண்டியில் குழந்தை அமர்வதில்லை; பின்னால் நின்று தள்ளுகிறது. உடலின் பாரத்தைத் தன் கால்களே தாங்குகின்றன.

வழுக்கும் தரையில் காலுறை அணிவிக்காமல் வெறுங்காலுடன் விட்டோம். மேசையின் கூர்முனைகளைத் துணியால் மூடினோம். வண்டியைத் தள்ளும்போதெல்லாம் ஒருவர் அருகிலேயே இருந்தோம். பின்னர் வண்டியை ஒதுக்கி, இரண்டடித் தொலைவில் அமர்ந்து அழைத்தோம். அவள் தள்ளாடியபோதெல்லாம் எங்கள் கைகள் தாமாகவே விரைந்தன. "விழுந்தால் விழட்டும் அம்மா, கையை நீட்டு, தூக்கிவிடாதே," என்றார் பாட்டியார். அதுவே எங்களுக்கு மிகக் கடினமாயிருந்தது. பலமுறை விழுந்தாள், பலமுறை எழுந்தாள். 15ஆம் மாத இறுதியில் ஒருநாள் மாலை, எதனையும் பற்றாமல் நான்கடி நடந்து வந்து மடியில் விழுந்து சிரித்தாள்.

பெற்றோர்களே! முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைக்கும் இதுவே நெறி. அவன் புத்தகப்பையை அவனே சுமக்கட்டும். காலணியை அவனே அணியட்டும். கணக்கைத் தவறாகவேனும் முதலில் அவனே செய்து பார்க்கட்டும். அருகில் நிற்போம்; அன்புடன் அழைப்போம்; நடையை மட்டும் அவர்களிடமே விட்டுவிடுவோம்.